வார்ப்புப் பட்டறைக் கேள்வி–பதில்: ஒரே அலுமினியம், அச்சுக்கு அச்சு வேறு பலம்

பழைய வடஆற்காடு மாவட்டத்தின் பட்டறைகளிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் அலுமினிய வார்ப்பு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்ட விதம் வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். வரைபடத்தில் எழுதியிருக்கும் கலப்புலோகத்தின் பெயரைப் பார்த்தே பலத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறோம். அது எந்த அச்சில் ஊற்றப்பட்டது, எவ்வளவு வேகமாக உறைந்தது என்று கேட்பதில்லை.

கேள்வி: மோட்டார் பிராக்கெட் ஒன்றுக்கு மாதிரிக்காக மணல் அச்சில் எல்.எம்.25 (அலுமினியம்–சிலிக்கான் கலப்புலோகம்) வார்த்து, டி6 ஹீட் ட்ரீட்மென்ட் (அதிகச் சூட்டில் ஊறவைத்து, நீரில் முழுக்கி, மிதமான சூட்டில் முதிரவைப்பது) செய்து கொடுத்தோம். ஆர்டர் உறுதியானதும் கிராவிட்டி டைக்கு (உலோகம் தன் எடையாலேயே இறங்கி நிரம்பும் இரும்பு அச்சு) மாறினோம். அதே இங்காட், அதே ஃபர்னஸ், அதே நேரம். டையில் வார்த்தது சோதனையில் தேறுகிறது. மணலில் வார்த்தது 235 மெகாபாஸ்கலில் முறிந்துவிட்டது. இங்காட்டே கலப்படம் என்கிறார் வாடிக்கையாளர். என்ன காரணம்?
— வார்ப்புப் பட்டறை உரிமையாளர், ராணிப்பேட்டை சிப்காட்

பதில்: இங்காட் மேல் பழி போட வேண்டாம். சொல்லப்போனால், உங்கள் மணல் வார்ப்பு தோற்கவே இல்லை. எல்.எம். எண்களைத் தந்த பழைய பிரிட்டிஷ் தரமான பி.எஸ்.1490, எல்.எம்.25-க்கு இரண்டு கணக்கு வைத்திருந்தது. டி6 செய்த மணல் வார்ப்புக்குக் குறைந்தபட்ச இழுவலிமை (இழுத்து முறிக்கத் தேவையான பலம்) 230 மெகாபாஸ்கல். டையில் வார்த்ததற்கு 280. ஹீட் ட்ரீட்மென்ட் இல்லாமல் அப்படியே எடுத்தால் மணலில் 130, டையில் 160. வாடிக்கையாளர் டைக்கான எண்ணை வைத்து மணல் பீஸை அளந்திருக்கிறார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? எல்.எம்.25-இல் சுமார் 7 சதவீதம் சிலிக்கான். உருகிய உலோகம் 615 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முதலில் உறைவது அலுமினியம். அது கிளை கிளையாக வளர்கிறது. இதற்கு டென்ட்ரைட் என்று பெயர். கிளைகளுக்கு நடுவே சிக்கிய திரவத்தில் சிலிக்கான் சேர்ந்துகொண்டே போய், 570 டிகிரி வாக்கில் அதுவும் உறைகிறது. வார்ப்பைப் பலவீனப்படுத்தும் சிலிக்கான் தகடுகள், இரும்புச் சேர்மங்கள், வாயுத் துளைகள் எல்லாமே அந்த இடைவெளியில்தான் குடியிருக்கின்றன. இடைவெளி அகலமானால் அவையும் பெரிதாகும். விரிசல் தொடங்க அதுவே வழி.

கிளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை மைக்ரானில் அளப்பார்கள். அது உறையும் நேரத்தின் கனமூலத்தை ஒட்டி நடக்கிறது. உறைய 8 மடங்கு நேரம் எடுத்தால் தூரம் 2 மடங்கு, 27 மடங்கு எடுத்தால் 3 மடங்கு. எல்.எம்.25 வகைக்கு, நொடிக் கணக்கின் கனமூலத்தை 10-ஆல் பெருக்கினால் மைக்ரான் தோராயமாக வந்துவிடும். டையில் 20 நொடியில் உறைந்த சுவரில் 27 மைக்ரான். மணலில் 160 நொடி எடுத்த அதே சுவரில் 54. பிரஷர் டையில் (உலோகத்தை அழுத்தத்தோடு செலுத்தும் அச்சு) மெல்லிய சுவர் என்றால் 5 முதல் 15 மைக்ரான்தான்.

இதில் முதலில் அடிவாங்குவது நீட்சி, அதாவது முறிவதற்கு முன் உலோகம் நீளும் அளவு. இழுவலிமை ஐந்தில் ஒரு பங்கு குறையும் இடத்தில் நீட்சி பாதியாகிவிடும். மணல் வார்ப்பு டி6-க்கு அந்தத் தரம் குறைந்தபட்ச நீட்சி என்று எதையுமே உறுதியாகக் கேட்கவில்லை. டைக்கு 2 சதவீதம் கேட்டது. அதிர்வு தாங்க வேண்டிய பிராக்கெட்டுக்கு இழுவலிமையை விட இந்த எண்தான் முக்கியம் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று. ‘அதே நேரம்’ ஹீட் ட்ரீட்மென்ட் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் மணல் பீஸுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. 535–540 டிகிரியில் ஊறவைப்பது மெக்னீசியத்தைக் கரைக்கவும் சிலிக்கான் முனைகளை மழுக்கவும்தான். டையில் வார்த்ததில் எல்லாம் பொடியாக இருப்பதால் 4 முதல் 6 மணி நேரத்தில் வேலை முடியும். மணலில் எல்லாமே பெரிது. 8 முதல் 12 மணி நேரம் கொடுங்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கச் சூட்டை மட்டும் 550-க்கு மேல் ஏற்றாதீர்கள். கிளைகளின் இடையே உள்ள கலவை உருகத் தொடங்கும். பிறகு அந்தப் பீஸை எதுவும் காப்பாற்றாது. வெளியே எடுத்ததும் பத்துப் பதினைந்து நொடிக்குள் 60–80 டிகிரி வெந்நீரில் முழுக்கிவிட வேண்டும். ஃபர்னஸுக்கும் தொட்டிக்கும் நடுவே தள்ளுவண்டி உருண்டுகொண்டிருந்தால் பாதி பலன் வழியிலேயே போய்விடும். பிறகு 155–175 டிகிரியில் ஏஜிங் (முதிரவைத்தல்), 8 முதல் 12 மணி.

டை என்றாலே வேகமாக உறைந்துவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். டைச் சூடு 250–350 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஷிஃப்ட் முழுக்க, டையின் உட்புறம் பூசிய பழைய கோட்டிங்கைச் சுரண்டாமல் அதன் மேலேயே கோட் அடித்துக்கொண்டு போனால், அந்த வெள்ளைப் படலம் கம்பளி போர்த்தியதாகிவிடும். காலையில் வார்த்த பீஸும் மாலையில் வார்த்த பீஸும் வேறு வேறு எண் காட்ட இதுவும் ஒரு காரணம். மெல்லிய சுவரிலும் ரைசரிலும் (சுருக்கத்தை ஊட்டும் கூடுதல் உலோகத் தேக்கம்) வெப்பத்தைத் தடுக்கும் கோட், கனமான பாஸில் (தடித்த புடைப்பு) கிராஃபைட் கோட் என்று பிரித்து அடியுங்கள்.

அடுத்த முறை வரைபடத்தில் வெறும் ‘எல்.எம்.25’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். வார்ப்பு முறை, ஹீட் ட்ரீட்மென்ட், சோதனைத் துண்டு எங்கிருந்து எடுப்பது என்ற மூன்றும் எழுத்தில் வரட்டும்.

கேள்வி: ஷூ சோல் அடிக்கும் அலுமினிய மோல்டு வார்க்கிறோம், எல்.எம்.6 (12 சதவீத சிலிக்கான் கலவை). மேல் தோலை ஒரு மில்லி சீவியதும் ஊசிமுனைத் துளைகள் தெரிகின்றன. அது சோலில் புள்ளி புள்ளியாகப் பதிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ரொம்ப மோசம். எப்படித் தடுப்பது?
— மோல்டு பட்டறை, ஆம்பூர்

பதில்: மழை மாதம் என்று நீங்களே நோயைச் சொல்லிவிட்டீர்கள். அது ஹைட்ரஜன். அலுமினியத் திரவம் ஈரத்தைக் கண்டால் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும். உருகுநிலையான 660 டிகிரியில் 100 கிராம் திரவ அலுமினியம் ஏறக்குறைய 0.69 சி.சி. ஹைட்ரஜனைத் தாங்கும். உறைந்த மறுநொடி தாங்குவது 0.036 சி.சி. மட்டுமே. மீதி போக இடமில்லாமல் கிளைகளுக்கு நடுவே குமிழாகிறது. சூடு ஏற ஏற உறிஞ்சுவதும் ஏறும்: 700 டிகிரியில் 0.92, 750-இல் 1.23. ‘நன்றாக ஓடட்டும்’ என்று 780 வரை சூடேற்றும் பழக்கம்தான் பாதித் துளைகளுக்குக் காரணம்.

அச்சுக்கும் இதில் பங்கு உண்டு. அதே வாயுவோடு இரும்பு டையில் ஊற்றினால் சட்டென்று உறைந்துவிடும். குமிழ் வளர நேரமில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவில் நின்றுவிடும். மணலில் வளர நேரம் கிடைக்கிறது. தோல் வரி பதிய வேண்டும் என்பதற்காக பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் இன்னும் மோசம். பிளாஸ்டர் மணலை விட மெதுவாக வெப்பத்தை விடுகிறது, போதாததற்குத் தனக்குள்ளேயே தண்ணீர் வைத்திருக்கிறது. 200 டிகிரியில் மணிக்கணக்காகக் காயவைக்காத பிளாஸ்டர் அச்சில் நல்ல வார்ப்பு வரவே வராது.

செய்ய வேண்டியது இதுதான். இங்காட்டைத் தரையில் போடாதீர்கள்; மரப்பலகை மேல், கூரைக்கு உள்ளே அடுக்குங்கள். குருசிபிளில் (உருக்கும் மூசை) போடும் முன் 150–200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். உலை வாய் ஓரத்தில் அரை மணி வைத்தால் ஆகிவிடும். கரண்டி, பிளஞ்சர் (மாத்திரையை அடிக்கு அழுத்தும் கோல்), கிளறும் கம்பி எல்லாவற்றுக்கும் கோட் அடித்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். ஈரக் கம்பியை உலோகத்தில் விட்டால் வாயு ஏறுவது மட்டுமல்ல, உலோகம் வெடித்துத் தெறித்து ஆளையே சுட்டுவிடும். ஃப்ளக்ஸ் (உருக்கைச் சுத்தம் செய்யும் உப்பு) டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். உப்பு ஈரத்தைக் குடிக்கும். டீசல் பர்னர் என்றால் சுடர் நேராக உலோகத்தின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்த டீசலின் புகையிலும் நீராவி உண்டு.

டீகேஸிங்கை (கரைந்த வாயுவை வெளியேற்றுவதை) 720 டிகிரிக்கு மேல் செய்யாதீர்கள். 100–150 கிலோ குருசிபிளுக்கு, சுழலும் கிராஃபைட் ரோட்டரில் உலர்ந்த நைட்ரஜனை 10 முதல் 15 நிமிடம் விட்டால் போதும். வெறும் குழாயில் நைட்ரஜன் விட்டால் குமிழ் பெரிதாகி மேலே ஓடிவிடும், ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டு போகாது. சுழல் ரொம்ப வேகமாகி நடுவில் குழி விழுந்தால் காற்றை உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறையுங்கள். ஹெக்ஸாகுளோரோஈதேன் மாத்திரைதான் கையில் இருக்கிறது என்றால் 100 கிலோவுக்கு 200–300 கிராம், பிளஞ்சரில் அடிவரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் புகையில் குளோரின் இருக்கிறது. மூடிய கொட்டகைக்குள், புகைபோக்கி இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. ஆட்களின் நுரையீரல் கெடும். டீகேஸிங் முடிந்து 5 முதல் 10 நிமிடம் அமைதியாக விட்டு, மேல் ஏட்டை வழித்துவிட்டு ஊற்றுங்கள்.

சரியாகிவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சின்ன வாக்யூம் சேம்பர் வாங்குங்கள். ஒரு கிண்ணம் உலோகத்தைக் காற்றிலும், இன்னொரு கிண்ணத்தை 80 மில்லிபார் அழுத்தத்திலும் உறையவிட்டு, இரண்டையும் தண்ணீரில் எடை போட்டு அடர்த்தி காணுங்கள். காற்றில் உறைந்தது 2.65, வாக்யூமில் உறைந்தது 2.60 என்றால் வித்தியாசம் 0.05, அதை 2.65-ஆல் வகுத்தால் 1.9 சதவீதம். 2-க்குள் இருந்தால் சோல் மோல்டுக்குத் தைரியமாக ஊற்றலாம். 5-ஐத் தாண்டினால் திரும்ப டீகேஸிங். கார்த்திகை மாதத்தில் ஒவ்வொரு குருசிபிளுக்கும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: புராஜெக்டுக்காக எல்.எம்.6-ஐ சோடியம் போட்டும் போடாமலும் வார்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். போட்டதில் சிலிக்கான் நார் நாராக, அழகாக இருந்தது. ஆனால் மூன்றாவது அச்சில் ஊற்றியது மட்டும் பழையபடி தகடு தகடாக வந்துவிட்டது. எங்கே தப்பு?
— பொறியியல் மாணவர், காட்பாடி

பதில்: தப்பு கடிகாரத்தில் இருக்கிறது. சோடியம் அலுமினியத் திரவத்தில் தங்காது. ஆவியாகியும் எரிந்தும் இருபது முப்பது நிமிடத்தில் காணாமல் போகும். மூன்றாவது அச்சு தயாராவதற்குள் அது தீர்ந்திருக்கும். அதற்காகத்தான் தொழிற்சாலைகள் ஸ்ட்ரான்ஷியத்துக்கு மாறின. 0.01 முதல் 0.02 சதவீதம் போதும், மணிக்கணக்கில் நிற்கும். அலுமினியம்–ஸ்ட்ரான்ஷியம் மாஸ்டர் அலாயாக (முன்கூட்டியே கலந்த செறிவான கலவை) போடுவதால் கையாளுவதும் எளிது. ஆனால் டீகேஸிங்குக்குக் குளோரின் மாத்திரை போட்டால் அது சோடியத்தையும் ஸ்ட்ரான்ஷியத்தையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போய்விடும். மாத்திரை முதலில், மாடிஃபையர் (சிலிக்கானின் உருவத்தை மாற்றும் சோடியம் அல்லது ஸ்ட்ரான்ஷியம்) பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

சிலிக்கானின் உருவத்தைச் சோடியத்தால் மாற்றலாம் என்று அலடார் பாட்ஸ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1921-இல். அதற்கு முன்பு 12 சதவீத சிலிக்கான் கலவை உடையக்கூடியது என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

உங்கள் புராஜெக்டுக்கு ஒரு யோசனை. சோடியம் எதுவும் போடாமல் அதே எல்.எம்.6-ஐ ஒரு மெல்லிய செப்பு அச்சில் ஊற்றிப் பாருங்கள். அச்சை ஒட்டிய ஓரத்தில் சிலிக்கான் தானாகவே பொடிந்திருக்கும், உள்ளே போகப் போகத் தகடாகும். உறையும் வேகம் செய்வதும் மாடிஃபையர் செய்வதும் ஒரே திசையில் போகின்றன என்பதை ஒரே படத்தில் காட்டலாம். ஆகவே மணல் வார்ப்புக்கு மாடிஃபையர் கட்டாயம், கிராவிட்டி டைக்கு நல்லது, பிரஷர் டைக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. கிளை இடைவெளியை அளக்க எல்.எம்.6 வேண்டாம், அதில் முதன்மைக் கிளைகள் குறைவு. எல்.எம்.25 எடுங்கள். வரிசையாகத் தெரியும் ஐந்தாறு கிளைகளின் குறுக்கே கோடு போட்டு, நீளத்தை இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு துண்டில் பத்து இடமாவது அளந்து சராசரி எடுங்கள்.

கேள்வி: ஏ.டி.சி.12-இல் (பிரஷர் டைக்கான அலுமினியக் கலப்புலோகம்) பிரஷர் டை காஸ்டிங் செய்த கவருக்கு பலம் போதவில்லை என்று டி6-க்கு அனுப்பினோம். திரும்பி வந்ததில் மேலெல்லாம் கொப்புளம். ஹீட் ட்ரீட்மென்ட் செய்தவர் மீது தப்பா, எங்கள் மீதா?
— டை காஸ்டிங் யூனிட், ஆற்காடு

பதில்: சாதாரண பிரஷர் டை வார்ப்புக்கு டி6 கேட்டதுதான் தப்பு. கேட்டில் (உலோகம் அச்சுக்குள் நுழையும் வாய்) உலோகம் நொடிக்கு 30 முதல் 60 மீட்டர் வேகத்தில் பீய்ச்சியடிக்கிறது. அச்சு நிரம்ப நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. உள்ளே இருந்த காற்றும் ரிலீஸ் ஸ்பிரேயின் ஆவியும் வெளியேற வழியில்லாமல் உலோகத்தோடு சுருட்டப்பட்டு, 400 முதல் 1000 பார் அழுத்தத்தில் நசுங்கிச் சின்னத் துளைகளாக ஒளிந்திருக்கின்றன. அதை 500 டிகிரிக்குக் கொண்டுபோனால் உலோகம் இளகுகிறது, அடைபட்ட வாயு மூடி திறந்த கோலி சோடாவைப் போலப் பொங்குகிறது. மேல்தோலைத் தூக்கும் அந்தப் பொங்கல்தான் கொப்புளம்.

பிரஷர் டையின் முரண்பாடே இது. உறையும் வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை. கிளை இடைவெளி மிகச் சிறியது, தனியாக வார்த்த சோதனைத் துண்டு 300 மெகாபாஸ்கலைக் கூடத் தாண்டும். ஆனால் நிரப்பும் விதம் முரடு. நுண்ணமைப்பில் சம்பாதித்ததைக் காற்றுத் துளையில் தொலைக்கிறோம். அதன் பலம் மேல்தோலில் இருக்கிறது. வெளியே அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை கெட்டியான, துளையற்ற அடுக்கு. மெஷினிங்குக்கு 2 மில்லி கூடுதலாக விட்டு அந்தத் தோலை நீங்களே சீவி எறிந்தால், உள்ளே இருக்கும் துளைதான் வெளியே வரும், எண்ணெய் கசியும். மெஷினிங் அலவன்ஸ் அரை மில்லிக்குள் இருக்கும்படி டையைத் திருத்துங்கள்.

பலம் கூட்ட வேறு வழி உண்டா? சொல்யூஷன் (அதிகச் சூட்டில் ஊறவைப்பது) இல்லாமல், அச்சிலிருந்து எடுத்ததும் தண்ணீரில் போட்டு, பிறகு 160–200 டிகிரியில் ஏஜிங் மட்டும் செய்யலாம், டி5. கொப்புளம் வராது, கொஞ்சம் பலம் கூடும். டி6-தான் வேண்டும் என்றால் வாக்யூம் வைத்த டை, அல்லது 50–100 மெகாபாஸ்கலில் மெதுவாக நிரப்பி அழுத்தும் ஸ்க்வீஸ் காஸ்டிங். இரண்டுக்கும் முதலீடு வேண்டும். கவர் மாதிரியான பீஸுக்கு இவ்வளவு தூரம் போவதை விட, சுவரின் வடிவத்தில் ரிப் (வலுவூட்டும் விலா) சேர்த்து வாடிக்கையாளரிடம் பேசுவது மேல்.

கேள்வி: விசைத்தறி உதிரிபாகங்களுக்குப் பழைய பிஸ்டன், ஸ்கூட்டர் கேசிங், பாத்திரம் எல்லாம் சேர்த்து உருக்கி மணலில் ஊற்றுகிறோம். ஒரு நாள் நன்றாக இருக்கிறது, ஒரு நாள் கையால் தட்டினாலே உடைகிறது. எதைச் சேர்த்தால் சரியாகும்?
— குடியாத்தம்

பதில்: சேர்ப்பதற்கு முன் பிரியுங்கள். பாத்திரம் ஏறக்குறைய சுத்த அலுமினியம். மென்மையானது, உறையும்போது 6 சதவீதத்துக்கு மேல் சுருங்கும், சூட்டிலேயே விரிசல் விடும். பிஸ்டனில் சிலிக்கானோடு செம்பும் நிக்கலும் உண்டு; சிலவகைப் பிஸ்டனில் பாஸ்பரஸும் இருக்கும், அது சோடியம், ஸ்ட்ரான்ஷியம் இரண்டின் வேலையையும் கெடுக்கும். காரின் அலாய் வீல் பெரும்பாலும் எல்.எம்.25-க்கு நெருக்கமான நல்ல உலோகம். அதைத் தனியாக வைத்து முக்கியமான பீஸுக்கு எடுங்கள்.

உங்கள் உடைசலுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்கூட்டர் கேசிங். அது பிரஷர் டை உலோகம். உலோகம் டையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் வேண்டுமென்றே 0.8–1 சதவீதம் இரும்பு வைத்திருப்பார்கள். பிரஷர் டையில் நொடியில் உறைவதால் அந்த இரும்பு சின்னச் சின்னத் துகளாக நின்றுவிடும், பெரிய தீங்கில்லை. அதே உலோகத்தை மணலில் மெதுவாக உறையவிட்டால் இரும்பும் சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து நீண்ட தகடுகளாக வளர்கின்றன. உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று ஊசி ஊசியாக மின்னினால் அதுதான். எல்.எம்.25-இல் இரும்புக்கு 0.5 சதவீதம்தான் வரம்பு.

இரும்பைப் பட்டறையில் பிரித்தெடுக்க முடியாது; நல்ல இங்காட் சேர்த்து நீர்க்கச் செய்யலாம். இரும்பில் பாதி அளவு மாங்கனீஸ் இருந்தால் தகடு வடிவம் மாறித் தீங்கு குறையும். ஆனால் மாங்கனீஸை அள்ளிப் போட்டால் குருசிபிளின் அடியில் கசடாகப் படிந்து, பிறகு டூலை உடைக்கும் கட்டிகளாக வார்ப்பில் வரும். ஸ்டட், வளையம் எல்லாவற்றையும் உருகுவதற்கு முன்பே கழற்றுங்கள். உருகிய பின் கோட் அடிக்காத இரும்புச் சட்டியும் கரண்டியும் ஒவ்வொரு உருக்கிலும் தங்கள் இரும்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாதம் ஒரு முறையாவது ஒரு பில்லையை ஸ்பெக்ட்ரோவுக்கு (எந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் சோதனை) அனுப்புங்கள். அந்தச் செலவு உடைந்து திரும்பும் பீஸின் செலவை விடக் குறைவு.

கேள்வி: தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டி பம்புக்கு அலுமினிய இம்பெல்லர் போட்டோம், கரைந்துவிட்டது. டையில் வார்த்தால் தாங்குமா?
— வாணியம்பாடி

பதில்: தாங்காது. சுண்ணாம்புத் தண்ணீரின் காரம் அலுமினியத்தின் காப்புப் படலத்தையே கரைக்கிறது. எந்த வார்ப்பு முறையும், எந்தக் கலவையும் இதைத் தடுக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் இம்பெல்லருக்கு மாறுங்கள்.

கேள்வி: எல்.எம்.25 மணல் வார்ப்பு. கூடவே வார்த்துத் தந்த சோதனைத் துண்டு ஒவ்வொரு முறையும் தேறுகிறது. ஆனால் பீஸ், 40 மில்லி கனமுள்ள பாஸ் பக்கத்தில், பொருத்தும்போதே விரிகிறது. ரைசரைப் பெரிதாக்கியும் தீரவில்லை.
— வாலாஜாபேட்டை

பதில்: சோதனைத் துண்டு உலோகத்தைப் பற்றித்தான் சொல்லும், உங்கள் பீஸைப் பற்றிச் சொல்லாது. பென்சிலை விடக் கொஞ்சம் பருத்த துண்டு சீக்கிரம் உறைந்துவிடும். 40 மில்லி பாஸ் நிதானமாக உறையும். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். பி26-கூட, பீஸிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளின் சராசரி பலம் தனித் துண்டுக்கு விதித்ததில் 75 சதவீதம் இருந்தால் போதும் என்று ஏற்கிறது. நீட்சிக்கு 25 சதவீதம்தான். டிசைன் செய்தவர் இதைக் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள்.

விரிசலுக்கு வருவோம். ரைசரைப் பெரிதாக்கியது அந்த இடத்தை இன்னும் மெதுவாக உறையவைத்திருக்கும். அங்கே வேண்டியது சில், அதாவது வெப்பத்தைச் சட்டென்று உறிஞ்சும் உலோகக் கட்டி. பாஸின் அடியில் வார்ப்பிரும்புச் சில் ஒன்று வையுங்கள், கனம் 25 மில்லி அளவில். ரைசர் எதிர்ப் பக்கத்தில், மேலே இருக்கட்டும். சில் பக்கத்திலிருந்து ரைசரை நோக்கி உறைந்துகொண்டே போனால், 5 சதவீதத்துக்கு மேலான சுருக்கத்தை ரைசர் ஊட்டிவிடும். கிளை இடைவெளியும் அந்த இடத்தில் குறுகும். சில்லைத் துருவில்லாமல் சுத்தம் செய்து, கோட் அடித்து, 100 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஊற்றுவதற்குச் சற்று முன் வையுங்கள். முதல் நாள் மாலையே ஈர மணலில் வைத்து மூடினால் இரவில் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஊற்றியதும் அந்த இடத்தில்தான் புளோ ஹோல் (வாயுத் துளை) வரும்.

இதற்குப் பிறகும் விரிந்தால் கேட்டைப் பாருங்கள். அலுமினியத் திரவத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்ஸைடு தோல் இருக்கிறது. உலோகம் நொடிக்கு அரை மீட்டருக்கு மேல் வேகமாக அச்சுக்குள் நுழைந்தால் அந்தத் தோல் மடிந்து உள்ளே போகும். மடிந்த இரண்டு பக்கமும் ஒட்டாது. அதாவது உறைவதற்கு முன்பே உள்ளே ஒரு விரிசல் தயார். வார்ப்பு ஆய்வாளர் ஜான் கேம்ப்பெல் பல ஆண்டுகள் வலியுறுத்திய விஷயம் இது. அரை மீட்டர் வேகம் வர 13 மில்லி உயரத்திலிருந்து விழுந்தாலே போதும் என்று கணக்குப் போட்டால், கரண்டியை ஒரு அடி உயரத்தில் பிடித்து ஊற்றும்போது என்ன நடக்கிறது என்பது புரியும். ஸ்பிரூவை (உலோகம் ஊற்றும் நேர்க்குழாய்) மேலே அகலமாக, கீழே குறுகலாக வைத்து ஊற்றும்போது முழுக்க நிரம்பியே இருக்கச் செய்யுங்கள். ரன்னரில் (ஸ்பிரூவிலிருந்து கேட்டுக்குப் போகும் வாய்க்கால்) செராமிக் ஃபோம் ஃபில்டர் ஒன்று வையுங்கள். கேட்டை அடியிலிருந்து திறந்து, அகலமாக்குங்கள்.

முதலில் சில், அப்புறம் கேட் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு பீஸை அந்தப் பாஸின் நடுவே அறுத்துப் பாருங்கள். அறுத்த முகத்தில் பஞ்சு மாதிரிச் சொரசொரப்பு தெரிந்தால் சுருக்கம் இன்னும் தீரவில்லை. பளபளப்பான உருண்டைத் துளை என்றால் வாயு, டீகேஸிங்குக்குத் திரும்புங்கள். மங்கலான, கோணலான கோடு ஓடினால் அது ஆக்ஸைடு மடிப்பு; கேட்டை இன்னும் அகலமாக்க வேண்டும்.